ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஆள்

மரியாதைக்குரிய மச்சான் அப்துல் வஹாப் அவர்களுக்கு,

நாகூரிலிருந்து ஜெக்கரியா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். பினாங்கில் தாங்களும் தங்கள் வீட்டாரும் நோய்நொடி இல்லாமல் இருக்க துஆச் செய்கிறேன். இங்கே செருப்புக் கடை நலம், மகள் ஹுமைரா நலம், தங்கள் தங்கை ரஹ்மத் பீவி நலம். மிச்சமிருக்கும் ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கடிதம். வாட்ஸப்பில் அனுப்பினால் ஹுமைரா பார்த்துக் குடும்பக் குரூப்பில் போட்டுவிடுவாள், அதனால் காகிதம்.

ரஹ்மத்துக்குச் சர்க்கரை இருப்பது தாங்கள் அறிந்ததே. தஞ்சாவூரில் அவளைப் பார்க்கும் டாக்டர் அனுசுயா ஓர் ஆராய்ச்சி செய்கிறார். இரத்தத்தில் வளர்ச்சிக் காரணி என்று சில பொருட்கள் ஓடுகின்றனவாம். திசுக்களை வளரச் சொல்வதும் பழுதைச் சரிசெய்யச் சொல்வதும் அவற்றின் வேலையாம். சர்க்கரை உள்ளவர்களிடம் அவற்றில் சில கூடிப்போய்க் கிட்னியின் வடிகட்டியைக் கெடுக்கின்றனவா என்று பார்க்கிறார்கள். நோயாளிகள் மட்டும் போதாது, ஒப்பிட்டுப் பார்க்கச் சர்க்கரை இல்லாத ஆளும் வேண்டும் என்றார்கள். சொல்லி முடிப்பதற்குள் நான் சட்டைக் கையை மடித்துவிட்டேன். வாழ்நாளில் மாத்திரை விழுங்காதவன், ஆஸ்பத்திரிக்குத் துணையாக மட்டுமே போனவன், அங்கே உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் வாயைக் கட்டுவது பற்றி உபதேசமும் செய்து, இரத்தமும் சிறுநீரும் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். வழியில் திருவாரூரில் பஸ் நின்றபோது ரஹ்மத்துக்குச் சர்க்கரை போடாத டீயும் எனக்குப் பால்கோவாவும் வாங்கினேன்.

சில நாள் கழித்துக் கடைக்கு போன் வந்தது. சிறுநீரில் புரதம் போகிறது, கிட்னியில் பழுது இருக்கலாம், இருவரும் நேரில் வாருங்கள் என்றார்கள். யாருக்கு என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. அந்தக் கலவரத்தில் ஒரு வாடிக்கையாளருக்கு இரண்டும் இடது கால் செருப்பாகக் கட்டிக் கொடுத்தேன், அவரும் வாங்கிப் போய்விட்டார். ரஹ்மத்திடம் வழக்கமான செக்கப் என்று பொய் சொல்லிப் பஸ் ஏற்றினேன். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, நாற்று நல்லாப் பிடிச்சிருக்கு பாருங்க என்று வயலைக் காட்டிக்கொண்டே வந்தாள். எனக்கு ஒரு வயலும் தெரியவில்லை. எதிர்க்கடை செல்லதுரை டயாலிசிஸுக்குப் போய் வெளுத்துத் திரும்பும் முகம்தான் கண்ணில் நின்றது. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் பஸ் நின்றபோது அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

டாக்டர் வாயைத் திறக்குமுன் நான் திறந்தேன். "டாக்டரம்மா, என் கிட்னி ஒண்ணை எடுத்து இவளுக்கு வச்சிருங்க. எங்க கையெழுத்துப் போடணும்?"

"உட்காருங்க பாய். அவங்க கிட்னி நல்லா இருக்கு. புரதம் போறது உங்களுக்கு. சர்க்கரையும் இருக்கு, பல வருஷமா இருந்திருக்கும்."

ரஹ்மத் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்க அவளுக்கு எல்லா உரிமையும் உண்டு. அவள் சிரிக்கவில்லை, மச்சான். முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அப்ப என்னுதை எடுத்து இவருக்கு வைங்க" என்றாள்.

"சர்க்கரை இருக்கறவங்ககிட்ட பொதுவா எடுக்க மாட்டோம்மா. இப்ப யாரும் யாருக்கும் தர வேண்டியதும் இல்லை. அவங்கவங்க கிட்னியை அவங்கவங்க பத்திரமா வச்சுக்குங்க, போதும்."

ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தாயிற்று, சர்க்கரையையும் பிரஷரையும் கட்டுப்படுத்தி மாத்திரையை விடாமல் போட்டால் பழுது கூடுவதைத் தள்ளிப்போடலாம், சிறுநீரை இன்னொரு தடவையும் பார்க்க வேண்டும் என்று விளக்கினார். என் வளர்ச்சிக் காரணியாவது ஒழுங்காக இருக்கிறதா என்று விடாமல் கேட்டேன். ஆராய்ச்சி முடியவில்லை, அதை வைத்து இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றவர், ஒப்பிடும் ஆட்கள் பட்டியலிலிருந்து என்னை நோயாளிகள் பட்டியலுக்கு மாற்றினார்.

ஆக, பயப்பட ஒன்றுமில்லை. நான் தெம்பாக இருக்கிறேன், நன்றாகத் தூங்குகிறேன். இதற்காகத் தாங்கள் வியாபாரத்தை விட்டுவிட்டு வரவே வேண்டாம். தங்கள் வீட்டாருக்கு என் சலாம். அல்லாஹ் நம் எல்லோருக்கும் ஆரோக்கியத்தைத் தருவானாக.

தங்கள் அன்புள்ள,
ஜெக்கரியா

பி.கு: எப்போது வருகிறீர்கள்? தூங்கி நாளாகிறது, மச்சான். கொஞ்சம் சீக்கிரம் வாங்க. ரஹ்மத் கேட்டால், செருப்பு வாங்க வந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம்.