ஒரு கோடு சிலிக்கான்

ரொம்ப வருஷமாக எனக்கு ஒரு கடுப்பு உண்டு. சக்கரம் வைத்த வண்டிவீடுகளில் தண்ணீர் இறங்கி இற்றுப்போன தரையை வெட்டியெடுத்துப் புதுத்தரை போடுவது என் பிழைப்பு. டெக்சஸ் கடற்கரையில் வண்டிவீடுகள் வரிசை கட்டி நிற்கும் எந்த மைதானத்துக்குப் போனாலும், எனக்கு முன்பே ஒருவர் அங்கே வந்து வேலையை முடித்திருப்பார். அவர் வந்துபோன தடம் விளிம்பெல்லாம் வெள்ளையாய், வழவழப்பாய், விரல் ரேகையோடு ஒட்டியிருக்கும். திருடன் இல்லை, வீட்டுக்காரர்தான். சிலிக்கான் மனிதர் என்று இந்த இனத்துக்கு நான் பெயர் வைத்திருக்கிறேன்.

எங்கள் வண்டிவீடுகளில் ஸ்லைடு என்று ஒன்று உண்டு. பொத்தானை அழுத்தினால் சோபா, சன்னல், சுவர் எல்லாமாகச் சேர்ந்து ஒரு பக்கம் மேசை இழுப்பறை மாதிரி வெளியே போகும். உள்ளே கால் நீட்ட இடம் கிடைக்கும். இழுப்பறை என்றால் சுற்றிலும் இடுக்கு இருக்குமா, இருக்காதா? இடுக்கு இருந்தால் கடற்கரை மழை உள்ளே எட்டிப் பார்க்குமா, பார்க்காதா? பார்க்கும். பார்த்துவிட்டு, ஸ்லைடுக்குக் கீழே இருக்கும் பலகையில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

சாதாரண மனிதன் என்ன செய்வான்? தரையைப் பிரித்துப் பார்ப்பான். சிலிக்கான் மனிதர் பிரிக்க மாட்டார். பிரித்தால் உள்ளே ஏதாவது இருந்துவிடுமே! அவர் முதல் சொட்டு விழுந்ததும் கடைக்குப் போய் இடுக்கு அடைக்கும் சிலிக்கான் பசைக் குழாய் ஒன்று வாங்கி, அதைப் பசை பிதுக்கும் துப்பாக்கியில் மாட்டி, சொட்டு விழுந்த இடத்தில் ஒரு கோடு இழுத்து, கோடு போதாதென்று மேலே இன்னொன்று இழுத்து, எச்சில் தொட்ட விரலால் நீவி, பத்தடி தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்து, மனைவியையும் கூப்பிட்டுக் காட்டிவிட்டு, பீர் ஒன்றைத் திறப்பார். தரை அமுங்க ஆரம்பித்ததும் அந்த இடத்தில் ஒரு விரிப்பு போடுவார். விரிப்பும் அமுங்கினால் அதன்மேல் இன்னொரு விரிப்பு. அவ்வளவுதான் வைத்தியம்.

ஆர்லன் இந்த இனத்தின் தலைவர். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். மற்றவர்கள் இடுப்பில் செல்போன் செருகுவார்கள். இவர் சிலிக்கான் துப்பாக்கி செருகுவார். சாயங்காலம் எல்லாரும் மடக்கு நாற்காலியோடு வெளியே கூடும்போது யாராவது "எங்க வண்டில லேசா ஒழுகுது" என்று வாய் தவறிச் சொன்னால் போதும். ஆள் எழுந்து நின்றுவிடுவார்.

அவர் வண்டிக்குள் விருந்துக்குப் போனால் வாசலிலேயே வழி சொல்லுவார்கள். "இடது கால முதல்ல வை. அந்த நீல விரிப்பத் தாண்டிடு. சோபாவப் பிடிச்சுக்க." தட்டில் சோளரொட்டியோடு தாண்ட வேண்டும். மைதானத்தில் எல்லாரும் பழகிவிட்டோம். பாதிரியார்கூடத் தாண்டித்தான் ஜெபம் செய்தார்.

தாண்ட முடியாத நிலை கடைசியில் ஒருவருக்கு வந்தது. ஆர்லனின் மனைவி லோரீனுக்கு இடுப்பு மாற்று ஆபரேஷன் ஆனது. நான்கு கால் உள்ள நடைச்சட்டத்தைப் பிடித்துத்தான் நடக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். நடைச்சட்டம் தாண்டுமா?

ஆர்லன் என்னைக் கூப்பிட்டார். "வேலைக்கு இல்லப்பா. சும்மா பாத்துட்டுப் போ. தரை கொஞ்சம் மெத்துன்னு இருக்கு. சொல்லப்போனா காலுக்கு இதமாத்தான் இருக்கு."

நீல விரிப்பைத் தூக்கினேன். கீழே சிவப்பு விரிப்பு. அதையும் தூக்கி, தரையில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து லேசாக அழுத்தினேன். கைப்பிடி தடுக்காவிட்டால் அதைப் புல்தரையில் போய்த் தேடியிருப்பேன்.

"உன் ஸ்க்ரூ டிரைவர் ரொம்பக் கூர்மைப்பா" என்றார் ஆர்லன்.

அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரியிலிருந்து லோரீன் அழைத்தாள். ஆர்லன் போனை என்னிடம் தள்ளினார்.

"கர்ட்டு, அந்த மனுஷன் கையில பசை வச்சிருக்காரா?"

"இடுப்புல இருக்கு."

"அவருகிட்ட சொல்லு. தரையப் பிரிச்சுப் புதுசு போட்டாத்தான் நான் அந்தப் படி ஏறுவேன். நடைச்சட்டத்தோட ஒரு கால் உள்ள போச்சுன்னா என் இன்னொரு இடுப்பும் போச்சு. இல்லேன்னா தல்சாவுல எங்க அக்கா வீட்டுக்குப் போறேன். அவ வீட்டுத் தரை சிமெண்டு. போனா, திரும்பி வர மாட்டேன்."

ஆர்லனுக்குக் கேட்டுவிட்டது. கொஞ்ச நேரம் சிவப்பு விரிப்பையே பார்த்தார். "ஒரு கோடு மட்டும் இழுத்துப் பாத்தா..." என்று ஆரம்பித்து, தானாகவே நிறுத்திக்கொண்டார்.

ஸ்லைடைக் கீழிருந்து முட்டுக்கொடுத்து நிறுத்திவிட்டு, வெளியே போய் அடி விளிம்பில் இருந்த சிலிக்கானை உரித்தேன். கயிறு மாதிரி உரிந்து வந்தது. பின்னாலேயே தண்ணீரும் வந்தது. என் சட்டை, கால்சட்டை, காலணி எல்லாம் போன பருவத்து மழையில் நனைந்தன.

ஆர்லன் முகத்தில் பெருமை. "பாத்தியா! ஒரு சொட்டு வெளிய விட்டிருக்கா?"

"ஆர்லன், அது தண்ணி வெளிய போறதுக்குன்னே விட்டிருந்த இடுக்கு."

"அதனாலதான் அடைச்சேன். திறந்து கிடந்துதே!"

இவரிடம் என்ன பேச? உள்ளே போய் வேலையைப் பார்த்தேன். பலகை ஊறின ரொட்டி மாதிரி கையோடு அள்ள வந்தது. கெட்டியான மரம் தட்டுப்படும்வரை வெட்டினேன். மின்விசிறி வைத்துக் காயவிட்டு, தரையைத் தாங்கும் இற்ற சட்டங்களுக்குப் பக்கத்தில் புதுச்சட்டம் சேர்த்து முடுக்கி, மேலே பிளைவுட் இறக்கி, அதன் விளிம்புகளில் பெயிண்ட் அடித்து, ஸ்லைடைச் சுற்றிப் புது ரப்பர் மாட்டினேன். அடியில் இருந்த இடுக்கை மட்டும் விட்டுவிட்டேன்.

ஆர்லன் குனிந்து குனிந்து பார்த்தார். "அங்க ஒரு இடுக்கு தெரியுதே?"

"தெரியணும்."

"அடைக்க மாட்டியா?"

"மாட்டேன்."

சிகரெட்டை விட்டவன் மாதிரி கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் பையில் திணித்துக்கொண்டார்.

லோரீன் வந்தாள். நாங்கள் இருவரும் தாங்கிப்பிடிக்க, படியேறி வாசலில் நின்றாள். ஆர்லன் அவளுக்கு முன்னால் ஓடினார். புதுத்தரையின் ஓரம் வந்ததும் ஒரு காலைத் தூக்கித் தாண்டி, அந்தப் பக்கம் நின்றுகொண்டு கையை நீட்டினார். "தாண்டி வா, லோரீன்!"

லோரீன் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். நடைச்சட்டத்தைத் தூக்கி நடுவில் ஊன்றி ஒரு தட்டுத் தட்டினாள். கட்டையான சத்தம். ஏறி நின்றாள்.

"ஆர்லன், இங்க வா. என் பக்கத்துல நில்லு."

"வேண்டாம். ரெண்டு பேரு கனம்..."

"வாய்யா."

ஷூ நுனியால் தொட்டுப் பார்த்தார். அப்புறம் குதிகாலை வைத்தார். அப்புறம் அவளருகே வந்து நின்றார். தரை முனகவில்லை. அத்தனை வருஷத்தில் அவர்கள் இருவரும் சன்னலோரத்தில் சேர்ந்து நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன். லோரீன் அவர் தோளில் சாய்ந்து, வெளியே பார்த்துக்கொண்டே, "அந்த விரிப்பு ரெண்டையும் குப்பையில போடு" என்றாள்.

நீங்கள் சிரித்தால் சிரியுங்கள். உங்களுக்கென்ன, வண்டிவீடா இருக்கிறது? ஆனால் சுவரில் அந்த இடத்தில் போய் எதற்காகக் காலண்டரை மாட்டினீர்கள்? குளியலறை வாசலில் எதற்கு இரண்டு மிதியடி? உங்கள் வீட்டுக்கு வரும் விருந்தாளி எந்த நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாரோ என்று நீங்கள் பதறுகிறீர்கள்? நான் ஒன்றும் சொல்லவில்லை. கையைத் தூக்கிக் காட்டுங்கள். விரலில் வெள்ளையாக ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்கிறேன்.

நான் கிளம்பும்போது ஆர்லன் என் வண்டிவரைக்கும் வந்தார். நான் ஏறி உட்கார்ந்ததும், இடுப்பிலிருந்து துப்பாக்கியை உருவி என் மடியில் வைத்தார். குழாயில் இன்னும் பாதி இருந்தது.

"இத எடுத்துட்டுப் போயிடு. எங்கயாச்சும் ஒளிச்சு வை. நான் கேட்டாலும் குடுக்காத."

சரி என்றேன். கதவைச் சாத்தி இஞ்சினைக் கிளப்பினேன். கதவுக் கண்ணாடியில் தட்டினார். இறக்கினேன். லோரீன் பார்க்கிறாளா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குனிந்தார்.

"எங்க ஒளிச்சு வச்சேன்னு மட்டும் எனக்குச் சொல்லிடு."