தாளாளரை வணங்கிய பயறு

அறிவியலை வளர்ப்பதற்கென்றே ஆண்டவன் சில பேரைப் பூமிக்கு அனுப்பிவைக்கிறான். மற்ற ஊர்களில் அவர்களை விஞ்ஞானிகள் என்பார்கள். சீவலப்பேரிச் சாலையில் அவர்களுக்குத் தாளாளர் என்று பெயர்.

பிரபஞ்ச ஜோதி மெட்ரிகுலேஷன் பள்ளியின் தாளாளர் திருஞானசம்பந்தம் அறிவியலின்மேல் எவ்வளவு மரியாதை வைத்திருந்தார் என்பதைப் பள்ளி ஆய்வகத்தைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். ஆனால் பார்க்க முடியாது. பூட்டியிருக்கும். பிள்ளைகளின் கை பட்டால் சோதனைக் குழாய்கள் பழசாகிவிடும் அல்லவா? மேலதிகாரிகள் வரும் அன்று மட்டும் திறந்து, சாம்பிராணி காட்டி, மறுபடி பூட்டிவிடுவார்கள்.

ஆய்வகத்தைப் பூட்டினால் ஆராய்ச்சி நின்றுவிடுமா? நிற்காது. ஆண்டுதோறும் அறிவியல் கண்காட்சி நடந்தது. பிள்ளைகள் எல்லாரும் டவுனுக்குப் போய் கண்காட்சி மாதிரிகளைச் செய்து விற்கும் ஹசன் அலி அண்ணாச்சி கடையில் 'ஆராய்ச்சி' செய்தார்கள். அண்ணாச்சியும் அறிவியல் முறைப்படி ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்.

"எரிமலையா? மொதப் பரிசு எரிமலை வேணுமா, ஆறுதல் பரிசு எரிமலை போதுமா?"

எட்டாம் வகுப்பு தஸ்மியா மட்டும் அந்தக் கடைக்குப் போகவில்லை. கொள்கை ஒன்றும் இல்லை, கூச்சம்தான். நாலு பேர் நிற்கிற கடையில் "எனக்கு ஒரு எரிமலை குடுங்க" என்று சத்தமாகக் கேட்க அவளால் ஆகாது. அதனால் வீட்டில் கிடந்த பிரியாணி டப்பா ஒன்றில் மண்ணை நிரப்பிப் பச்சைப்பயறைப் போட்டு, பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தாள். அறிவியல் ஆசிரியர் நாறும்பூநாதன் அதைப் பிரார்த்தனைக் கூடத்தின் பின்வரிசை பெஞ்சில் வைக்கச் சொன்னார்.

அந்தக் கூடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இரண்டு பக்கமும் ஜன்னல்கள் உண்டு. எல்லா ஜன்னலையும் மறைத்துத் தாளாளரின் படம் போட்ட பேனர்கள் கட்டியிருந்தன. கல்வித் தந்தை, கருணைக் கடல், காமராசருக்கு அடுத்து இவரே என்று ஜன்னலுக்கு ஒரு பட்டம். மேடைக்குப் பின்னால் இருந்த ஒரு ஜன்னல் மட்டும் தப்பித்திருந்தது. மேடையில் தாளாளரே நிற்கும்போது அங்கே படம் எதற்கு என்று விட்டுவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை. தாளாளர் மேடையேறி 'ஒழுக்கம்' பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். வாரா வாரம் அதைத்தான் பேசுவார், அது இன்னும் முடியவில்லை. திடீரென்று பேச்சு நின்றது. பள்ளி வரலாற்றில் அது தானாக நின்றது அதுதான் முதல் தடவை. மின்சாரம் போய்விட்டதோ என்று எல்லாரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். அது சுற்றிக்கொண்டிருந்தது.

"அங்கன பாருங்கவே!" என்றார் தாளாளர்.

பின்வரிசை பெஞ்சில் பிரியாணி டப்பாவுக்குள் பயறு முளைத்திருந்தது. அத்தனை முளையும் மேடையைப் பார்த்து, இடுப்பை வளைத்து, பவ்யமாகக் குனிந்து நின்றது.

"கும்பிடுதுல்லா!" என்று தழுதழுத்தார். "ஆறறிவு உள்ளதெல்லாம் நான் பேசும்போது கொட்டாவி விடுது. ஓரறிவு உள்ளது வணங்குது பாத்தீரா!"

நாறும்பூநாதன் விளையாட்டு வகுப்பையும் சேர்த்துக் கவனிப்பவர். கழுத்தில் விசில் தொங்கும். எந்தத் துறையிலும் உடனே ஓடத் தயாராக இருப்பவர். "ஒலி அலை சார்!" என்று ஓடிவந்தார். "உங்க பேச்சு நேரா வந்து முட்டினா செடி பின்னாலதான சாயணும்? சாயல. ஏன்னா உங்க பேச்சு செடியத் தாண்டிப் போயி, பின்சுவத்துல மோதி, திரும்பி வந்து முதுகுல தள்ளுது. அவ்வளவு வேகம் சார்."

அன்றே அந்த டப்பாவுக்கு 'நற்சொல் கேட்டு நாணி வணங்கும் தாவரம்' என்று பெயர் சூட்டப்பட்டது. மாவட்டப் போட்டிக்கும் தேர்வானது.

"சார்," என்றாள் தஸ்மியா. அவள் குரல் அவளுக்கே பாதிதான் கேட்டது. "அது வெளிச்சம் சார். ஜன்னல் அந்தப் பக்கந்தான தொறந்திருக்கு. டப்பாவத் திருப்பி வச்சா தெரிஞ்சுரும்."

"திருப்பி வைக்கவா?" நாறும்பூநாதன் நெஞ்சில் கை வைத்தார். "தாளாளருக்கு முதுகக் காட்டச் சொல்லுதியா? இன்னைக்குப் பயறு காட்டும். நாளைக்கு நீ காட்டுவ. நாளான்னைக்கு உங்க கிளாஸே காட்டும்! வாயப் பொத்திக்கிட்டுப் போ பிள்ள!"

டப்பாவைக் காக்கக் காவலாளி சுடலைராஜ் நிறுத்தப்பட்டார். ஆய்வகத்துக்கு வெறும் பூட்டுதான். பயறுக்கு ஆள்.

அன்றிலிருந்து தஸ்மியாவுக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆசைதான் மிஞ்சியது. அந்த டப்பாவை ஒரு தடவை, அரைச்சுற்று, திருப்பி வைக்க வேண்டும்.

"அண்ணாச்சி, ஒரே ஒருக்க..." என்று சாப்பாட்டு மணியடித்ததும் போய் நின்றாள்.

"போ பிள்ள," என்றார் சுடலைராஜ். "கோயில் சாமிக்குக்கூட நான் இப்படிக் காவல் நின்னதில்ல. பைய அங்கிட்டுப் போ."

வீட்டில் சோற்றுத் தட்டை அரைச்சுற்று சுற்றிவைத்துக்கொண்டு யோசித்தாள். அவள் உம்மா ஜனாபாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏட்டி, சோத்தத் தின்னு. தட்ட என்னத்துக்குச் சுத்துத?"

விஷயத்தைச் சொன்னாள். உம்மா தட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீ சொல்லுதது சரின்னே வச்சுக்கிடு. ஆனா வாயத் தொறக்காத. பள்ளிக்கூடத்த விட்டு வெரட்டிட்டாங்கன்னா உங்க வாப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

வெள்ளிக்கிழமை பாளையங்கோட்டையில் போட்டி. கூடம் முழுக்க எரிமலைகள் இருமிக்கொண்டிருந்தன. பயறு டப்பாவுக்கு ஒரு ஜன்னலோரம் கிடைத்தது. முளைகள் ஜன்னல் பக்கம் குனிந்திருந்ததால், அதற்கு நேரே தாளாளரை நாற்காலி போட்டு உட்கார வைத்தார் நாறும்பூநாதன். தாளாளர் பயறைப் பார்த்து ஒழுக்கம் பற்றிப் பேசத் தொடங்கினார்.

நடுவராக வந்தவர் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கும் விஜயஸ்ரீ. தஸ்மியா மனப்பாடம் செய்ததை ஒப்பித்தாள். "மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எங்கள் தாளாளரின் நற்சொல்லானது பின்சுவரில் மோதி..."

"டப்பாவத் திருப்பி வச்சுப் பாத்தியாம்மா?" என்று கேட்டார் விஜயஸ்ரீ.

தஸ்மியாவுக்கு மனப்பாடம் முழுதும் மறந்துவிட்டது. "விட மாட்டேங்காங்க, மிஸ்."

"நான் சொல்லுதேன். வை."

வைத்தாள். அரைச்சுற்று. பயறு அத்தனையும் தாளாளருக்கு முதுகைக் காட்டின. நாறும்பூநாதன் தன்னையறியாமல் விசிலை எடுத்து ஊதியே விட்டார். கூடம் முழுவதும் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள்.

"சாயந்தரம் வந்து பாக்கேன்," என்று விஜயஸ்ரீ அடுத்த மேசைக்குப் போனார்.

அறிவியலில் நெருக்கடி வரும்போதுதான் மேதைகள் வெளிப்படுவார்கள். நாறும்பூநாதன் வெளிப்பட்டார். "சார், எந்திரிங்க. பயறு எங்கன பாக்குதோ அங்கன நீங்க இருந்தா போதும்." நாற்காலி எதிர்ப்பக்கம் போனது. தாளாளர் ஒழுக்கத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

மத்தியானம் இன்னொரு சிக்கல். முளைகள் குனிவதை விட்டுவிட்டு நேராக நின்றன.

"சார், நிமிந்துட்டு!"

"நிமிந்துட்டா? அப்ப நான் எங்கனவே நிக்க?"

நாறும்பூநாதன் பயறைப் பார்த்தார். அது பார்த்த திசையைப் பார்த்தார். விட்டம் தெரிந்தது.

"மேல சார்."

நாலு பேர் பிடித்துத் தாளாளரை மேசைமேல் ஏற்றினார்கள். பயறு டப்பாவுக்கு இரண்டு பக்கமும் காலை அகட்டி நின்றுகொண்டு, கீழே குனிந்து, ஒழுக்கத்தின் இன்றியமையாமையை அவர் விளக்கினார். மற்றப் பள்ளிப் பிள்ளைகள் எரிமலைகளைப் போட்டுவிட்டு இதைப் பார்க்க ஓடிவந்தார்கள். இளைய தலைமுறைக்கு அறிவியலில் அவ்வளவு ஆர்வம் வந்து யாரும் பார்த்ததில்லை.

சாயங்காலம் முளைகள் மெல்ல மெல்ல மறுபடி ஜன்னல் பக்கம் சாய்ந்தன. தாளாளரை மேசையிலிருந்து இறக்கி, ஜன்னலுக்கு ஓட்டினார்கள். தொண்டை கட்டிப்போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஒழு... ஒழு..." என்றார்.

விஜயஸ்ரீ வந்து நின்றார். "நீ என்னம்மா கண்டுபிடிச்ச?"

தஸ்மியா உம்மா சொன்னதை நினைத்துப் பார்த்தாள். பயறையும் பார்த்தாள். காலையில் எந்தப் பக்கம் திருப்பி வைத்தாளோ, அதற்கு நேர் எதிர்ப்பக்கம் குனிந்து நின்றது. அதற்குமேல் அவளால் வாயை மூடிவைக்க முடியவில்லை.

"செடி வெளிச்சம் இருக்க பக்கம் சாயுது, மிஸ். எங்க அறிவியல் சார், தாளாளர் இருக்க பக்கம் சாயுதாங்க. செடியத் திருப்பி வச்சா ஒரே பகல்ல சரியாயிருது. சாருக்கு எவ்வளவு நாளாகும்னு இன்னும் செஞ்சு பாக்கல."

விஜயஸ்ரீ வெகுநேரம் இருமினார்.

தஸ்மியாவுக்கு முதல் பரிசு கிடைத்தது. மாணவியின் சார்பில் அதைத் தாளாளரே மேடையேறி வாங்கிக்கொண்டார். தொண்டை கட்டியிருந்ததால் பேசவில்லை. கைதட்டல் பிரமாதமாக இருந்தது.

சொந்தமாக ஒன்றைக் கண்டுபிடித்த பிள்ளை அந்தப் பள்ளிக்கு அதற்குமுன் வாய்த்ததில்லை. அப்பேர்ப்பட்ட பிள்ளையைச் சாதாரணமாக நடத்த முடியுமா? திங்கட்கிழமை காலையிலேயே ஜனாபாவை அழைத்து, நாற்காலி போட்டு உட்கார வைத்து, காபி கொடுத்தார்கள். பிள்ளையின் மாற்றுச் சான்றிதழ் மேசைமேல் தயாராக இருந்தது.

"தப்பா நெனைக்கப்பிடாது," என்றார் தாளாளர், கம்மிய குரலில், மிகுந்த கண்ணியத்தோடு. "ஒங்க பிள்ள ரொம்பப் புத்திசாலி. எங்க பள்ளிக்கூடத்துல அவளுக்குச் சொல்லிக்குடுக்க இனிமே ஒண்ணும் கெடையாது."

ஜனாபா காபியைத் தொடவில்லை. எழுந்து முக்காட்டைச் சரிசெய்து, மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க பயறுகிட்டப் பேசுனியன்னு கேள்விப்பட்ட அன்னைக்கே எனக்கும் அப்படித்தான் தோணிச்சு, சார்."