தாள் பையும் பசை டப்பாவும்

மூச்சு விடுவது தானாக நடக்கிற காரியம் என்று நம்புகிறவர்கள் பாக்கியசாலிகள். முப்பது வயதிலிருந்து நான் அதை ஒரு வேலையாகவே செய்து வந்திருக்கிறேன். சம்பளமும் இல்லை, லீவும் இல்லை.

எண்பதுகளின் நடுவில் நானும் தங்கை பவானியும் லண்டன் ரெய்னர்ஸ் லேனில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா காலமாகிவிட்டார். அம்மா யாழ்ப்பாணத்தில். ஊரில் நான் பௌதிக ஆசிரியன். காற்றமுக்கத்தைப் பற்றிக் கரும்பலகை நிறைய எழுதி விளங்கப்படுத்தியவன். இங்கே பெட்ரோல் நிலையமொன்றில் கல்லாவுக்குப் பின்னால் நின்றேன். சுற்றிலும் அவ்வளவு காற்று இருந்தும் அது எனக்குள் வர மறுத்தது. நெஞ்சின் பாதிவரை வந்து, கதவு பூட்டியிருக்கக் கண்ட விருந்தாளிபோலத் திரும்பிப் போய்விடும். மீதிப் பாதியைப் பிடிக்க வாயைப் பிளந்து கொட்டாவி விடுவேன். அம்மாவின் கடிதம் வந்த நாளில் இது அதிகம். வராத நாளில் அதைவிட அதிகம். (வேலைத்தலத்து மனேஜர் என்னைச் சோம்பேறி என்று முடிவு கட்டியிருந்தார். அவரைப் பிழை சொல்ல முடியாது. முகத்துக்கு நேரே அத்தனை கொட்டாவி விட்டேன்.)

டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, நுரையீரலில் ஒரு பழுதும் இல்லை, இது பயத்தால் வருவது என்றார். மூச்சு முட்டும்போது மூக்கையும் வாயையும் ஒரு தாள் பைக்குள் வைத்து மெதுவாக மூச்சு விடச் சொன்னார். அந்தக் காலத்து வைத்தியம் அது. அன்றிலிருந்து காய்கறிக் கடையின் பழுப்புப் பை ஒன்று மடிந்து என் சட்டைப் பையில் கிடந்தது. எனக்கோ பெரிய ஏமாற்றம். ஆஸ்துமா என்றால் மரியாதையாக இருமிக்கொண்டு இருந்திருக்கலாம். பயத்தில் மூச்சு முட்டுகிறது என்றால் நம் ஆட்கள் அதற்கு வைத்திருந்த ஒரே பெயர் விசர், பைத்தியம்.

அந்த நேரத்தில்தான் பவானிக்குக் கலியாணப் பேச்சு வந்தது. மாப்பிள்ளை ரவீந்திரன் ஹவுன்ஸ்லோவில் எஞ்சினியர். கோயிலில் பவானியோடு சில தடவை கதைத்திருக்கிறார். அவரைப் பற்றிக் கேட்டால் "பரவாயில்லை" என்பாள். சொல்லிவிட்டு, ஏற்கெனவே துடைத்த அடுப்பைத் திரும்பவும் துடைப்பாள். ஒருநாள் மாப்பிள்ளையின் தாய் போனில் பேசினார்.

"தம்பி, குறை நினையாதையும். உங்கட பகுதியில ஆருக்கும் இழுப்பு, விசர் எண்டு ஏதும் இருக்கோ?"

"சீச்சீ, ஒருத்தருக்கும் இல்லை அம்மா."

ரிசீவரை வைத்த கையோடு பையை எடுத்தேன்.

ஒரு பெப்ரவரி ஞாயிறன்று பெண் பார்க்க வந்தார்கள். அன்று காலையில்தான் குளியலறைத் தரையில் கிளம்பியிருந்த பிளாஸ்டிக் விரிப்பைப் பசை போட்டு ஒட்டினேன். (வருங்காலச் சம்பந்தியம்மா தடக்கி விழக்கூடாதல்லவா?) விரிப்பைக் கவனித்த நான், கழன்று கிடந்த கதவுக் கொளுக்கியைக் கவனிக்கவில்லை. பசை டப்பா திறந்தபடி அங்கேயே கிடந்தது.

மாப்பிள்ளையோடு அவருடைய தாயும் மாமாவும் வந்தார்கள். மாமா ஒரு ட்யூப் ரயில் ஸ்டேசனில் டிக்கெட் பார்க்கிறவர். லண்டனின் கெட்ட பழக்கங்கள் அத்தனையிலும் தான் பண்டிதர் என்பது அவர் எண்ணம்.

"தம்பி, உந்த யன்னலைச் சாத்தும். ஐஸ்பெட்டிக்குள்ள இருக்கிற மாதிரிக் கிடக்கு," என்றார் தாய்.

சாத்தினேன். அறையிலிருந்த காற்றை யாரோ சுருட்டி எடுத்துக்கொண்டு போனதுபோல் இருந்தது. ஒரு கொட்டாவி வந்தது. பிறகு இன்னொன்று.

"எங்கட கதை தம்பிக்கு நித்திரையைக் குடுக்குது போல," என்றார் மாமா.

"ஒரு நிமிசம், வாறன்," என்று குளியலறைக்கு ஓடினேன். தொட்டியின் விளிம்பில் குந்தி, முகத்தைப் பைக்குள் புதைத்தேன். பை ஊதிச் சுருங்கி, ஊதிச் சுருங்கி, நெஞ்சு இளகத் தொடங்கிய நேரம் கதவு திறந்தது. மாமா நின்றார். என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார், பசை டப்பாவைப் பார்த்தார். பையில் பசையை ஊற்றி மணந்து வெறி ஏற்றுகிற பெடியன்களைப் பற்றிப் பேப்பர்கள் எழுதித் தள்ளிய காலம் அது.

"ஐயோ கடவுளே! ஸ்டேசன் படியில கிடக்கிற வெள்ளைப் பெடியள்தான் உந்தப் பசையை மணக்கிறாங்கள் எண்டு பாத்தன். நீர் படிச்ச ஆளெல்லோ!"

அந்தச் சத்தத்துக்கு எல்லாரும் குளியலறை வாசலுக்கு வந்துவிட்டார்கள். பின்னால் பவானி, தேநீர்த் தட்டோடு.

என் பட்டதாரி மூளை அவசரமாகக் கணக்குப் போட்டது. உண்மையைச் சொன்னால் விசர். விசர் என்றால் இரத்தத்தில் ஓடுவது. அது பவானியையும் பிடிக்கும். பசை என்றாலோ பழக்கம் என்னுடையது மட்டும். பழக்கத்தை விடலாம், இரத்தத்தை விட முடியாது.

"ஓம்," என்றேன். "பழகிட்டன். ஆனா இப்ப நல்லாக் குறைச்சிட்டன்."

"எவ்வளவுக்குக் குறைச்சிருக்கிறீர்?"

"ஞாயிற்றுக்கிழமையில மட்டும்."

ரவீந்திரன் என்னைப் பார்க்கவே இல்லை. பவானியைப் பார்த்தார்.

"நீர் எனக்குச் சொன்னது வேற கதையெல்லோ?" என்று மெதுவாகக் கேட்டார்.

பவானி வாயைத் திறக்குமுன் தாய் அவரைக் கையில் பிடித்து இழுத்தார். வடையைத் தொடாமலே போய்விட்டார்கள்.

ஒருவரும் குடிக்காத கோப்பைகளைப் பவானி கழுவினாள்.

"நான் அவருக்கு முதலே எல்லாம் சொல்லிட்டன் அண்ணை. எங்கட அண்ணைக்குப் பயத்தில மூச்சு முட்டுறது, பைக்குள்ள மூச்சு விடுறவர் எண்டு. தனக்கும் சோதினை எழுதுற நேரம் அப்பிடி வாறது எண்டவர். அம்மாவைத் தான் சமாளிப்பன் எண்டவர்."

கடைசிக் கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள்.

"இப்ப என்னைப் பொய்க்காரி எண்டு நினைச்சுக்கொண்டு போறார்."

உடனே போன் எடுத்து, தாயிடம் உண்மையைச் சொன்னேன். "குடிகாரனும் உப்பிடித்தான் தம்பி, நோய், வருத்தம் எண்டுதான் சொல்லுவான்," என்று வைத்துவிட்டார். ரவீந்திரனுக்கு எழுதினேன். பதில் வரவில்லை. அடுத்த வருடம் அவருக்கு வேறு இடத்தில் கலியாணம் நடந்தது.

பவானிக்கு நடக்கவில்லை. லண்டனின் மறுகோடியில் உள்ள பார்க்கிங் என்ற ஊரிலிருந்துகூட ஒரு பேச்சு வந்தது. ஆனால் என் பசைக் கதை எங்களை முந்திக்கொண்டு அங்கே போயிருந்தது. பிறகு அவளே போதும் என்றுவிட்டாள். தொண்ணூறுகளில் ஒரு தாதி எனக்கு வயிற்றால் மெதுவாக மூச்சு விடப் பழக்கினாள். பை ஓய்வு பெற்றது. மூச்சுமுட்டல் முழு ஓய்வு பெறவில்லை. ஒவ்வொரு தடவையும் அந்தத் தாதியின் மூச்சு வகுப்புக்கு என்னைக் காரில் ஏற்றிப் போனவள் பவானிதான்.

இப்போதும் ஜனவரியில் என் பிறந்தநாளுக்கு அவள் தருகிற பரிசு ஒரு பசைக் குழாய், வண்ணத் தாளில் சுற்றியது. சொந்தக்காரப் பிள்ளைகள் சுற்றி நிற்க, "குறைச்சிட்டீங்களோ அண்ணை?" என்று கேட்பாள். "ஞாயிற்றுக்கிழமையில மட்டும்," என்று நான் சொல்ல வேண்டும். வீடே சிரிக்கும். எல்லாரையும்விடப் பெரிதாகச் சிரிப்பவள் அவள்.

போன வருடம் எல்லாரும் போன பிறகு சொன்னேன்: "பவானி, அண்டைக்கு வாயைத் திறக்க முதல் உன்னட்ட ஒருக்காக் கேட்டிருக்கலாம்."

வண்ணத் தாளை மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"கேட்டிருக்கலாம்," என்றாள்.

எனக்குக் கொட்டாவி ஒன்று வந்தது. அவள் எழுந்து போய், அந்தக் குளிரில், யன்னலைத் திறந்துவிட்டாள்.