கியருக்கு வாங்கிய மருந்து

ஒரு நாயின் மனசை மருந்து கொடுத்துத் திருத்திக் காட்டுவது என்று சபதம் எடுத்தேன். எடுத்தது, காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரன் சண்டை போட்ட அவசரகாலத்தில். மனிதனுக்கே ஒழுங்காக மருந்து கிடைக்காத நேரம்.

நாயின் பெயர் கியர். லாரி டிரைவர் வீராசாமி வளர்த்தது. வேறு என்ன பெயர் வைப்பான்? தோட்டத்து ரப்பரைப் புலாவ் செபாங் ரயிலடிக்குக் கொண்டுபோவது எங்கள் வேலை. அவன் ஓட்டுவான், நான் கிளீனர், கியர் நடுவில். ஒரு காலையில் ரோட்டுக்குக் குறுக்கே மரம் கிடந்தது. வீராசாமி பிரேக் போட்டான். காட்டிலிருந்து சுட்டார்கள். அவன் என் மடியிலேயே செத்தான். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு மறுநாளே வேலைக்குப் போனேன் என்றால், என் நெஞ்சுரத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பாவம், நாய்தான் பயந்துவிட்டது.

வீட்டுக்குக் கூட்டி வந்தேன். ராத்திரியானால் குரைக்கும். நான் திடுக்கிட்டு எழுவேன். வேர்த்துக் கொட்டும். அப்படிப் பயமுறுத்திவிடும் சனியன். முள்வேலிக்குள் வரிசை வீடுகளாக இருந்த எங்கள் லயம் முழுக்க எழுந்து உட்காரும். கேட்டில் காவல் நிற்கும் ஸ்பெஷல் கான்ஸ்டபிள் ரங்கசாமி, காட்டுக்காரன் வந்துவிட்டான் என்று இருட்டைப் பார்த்துச் சுடுவான். ஒரு குண்டு எங்கள் கோழிக்கூண்டில் புகுந்தது. கோழி பிழைத்துக்கொண்டது. முட்டையிடுவதைத்தான் நிறுத்திவிட்டது.

"அண்ணே, மேலிடத்து உத்தரவு," என்றான் ரங்கசாமி. "இன்னொரு ராத்திரி சத்தம் வந்துச்சு, நாயச் சுட்டுருவேன்."

வீராசாமி விட்டுப்போனது அந்த ஒரு ஜீவன்தான். அதையும் குண்டுக்குக் கொடுக்க எனக்கு மனசில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு, டிரஸ்ஸர் சேகரனிடம் ஓடினேன்.

"நாய்க்கா? என்னா சீக்கு?"

"மனசுல சீக்கு ஐயா. வீராசாமி செத்ததப் பாத்ததுலேர்ந்து பயம்."

"நாயி வந்து சொல்லிச்சா?"

"சொல்லணுமா? நான் பக்கத்துலதானே படுக்கறேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். புரோமைடு கலந்து ஒரு போத்தல் கொடுத்தார். நரம்பை அடக்குமாம். "உப்புக் கரிக்கும். கஞ்சியில கலந்துரச் சொல்லு, முத்தாயிகிட்ட," என்றார்.

முத்தாயி என் மனைவி. அவளை உட்கார வைத்துப் பாடம் நடத்தினேன்.

"பொழுது சாயறப்ப ரெண்டு கரண்டி. மருந்துன்னு தெரியவே கூடாது. குடிச்சு முடிச்சதும் தலையத் தடவி, நல்ல புள்ளன்னு சொல்லணும். பயந்த ஜென்மத்துக்கு அதான் பாதி மருந்து."

"தெரிஞ்சா என்னாவாம்?"

"வீம்புக்குக் குடிக்காது."

"அது எனக்குத் தெரியும்லா," என்றாள்.

அன்றைக்கே கியர் அடங்கியது. லயம் தூங்கியது. நான் தூங்கிய தூக்கத்தைச் சொல்லி மாளாது. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு என்னை முகத்தில் தண்ணீர் அடித்து எழுப்ப வேண்டியிருந்தது. நாய் குணமானால் வீட்டுக்காரனுக்கு நிம்மதி. ஒரே குறை சாப்பாட்டில்தான்.

"கஞ்சி ஏன்டி இப்படி உப்புக் கரிக்குது?"

"ரேஷன் உப்பு அப்படித்தான். பேசாம குடிங்க."

நான் சும்மா இருந்திருக்கலாம். ஊரெல்லாம் என் நாய் வைத்தியத்தைப் பீற்றிக்கொண்டேன். பீற்றியது தலைக்கேறி, ஒருநாள் சாயங்காலம் முத்தாயி தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் நானே மருந்து கொடுக்கத் துணிந்தேன். கியர் மோந்து பார்த்தது. துப்பியது. இத்தனை நாள் குடித்த மருந்தை இன்றைக்குத்தான் பார்ப்பதுபோல் முழித்தது. வாயைப் பிடித்து, போத்தலில் மிச்சமிருந்ததை எல்லாம் ஊற்றினேன். அப்படியே சுருண்டு படுத்தது.

முத்தாயி திரும்பி வந்தாள். காலிப் போத்தலைப் பார்த்தாள்.

"பூராவுமா?"

"பூராவும்!" என்றேன் பெருமையாக. அன்றைய கஞ்சியில் உப்பே இல்லை.

காலையில் கண் விழித்தால் வாசலில் ரங்கசாமி, கையில் துப்பாக்கி. பின்னால் லயத்துச் சனம், ஒருவரும் என் முகத்தைப் பார்க்காமல்.

"ராத்திரி மறுபடியும் சத்தம். நாயக் கொண்டாங்க, அண்ணே."

"எங்க நாயா? வாயே தொறக்கல! வந்து பாரு."

கியர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. ரங்கசாமி காலால் தொட்டுப் பார்த்தான். அசையவில்லை.

"அப்ப கத்துனது யாரு?"

முத்தாயி குறுக்கே வந்து நின்றாள்.

"நாய விட்டுரு தம்பி. 'வீராசாமி, பிரேக் போடாதடா'ன்னு கத்துனது இவருதான். நேத்து இவருக்கு மருந்து கெடைக்கல."

ரங்கசாமி துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டான். சனமும் கலைந்தது.

"நானா? எப்பலேர்ந்து?"

"அந்த நாள்லேர்ந்து."

"அப்ப கியரு ஏன் கொலைச்சிச்சு?"

"நீங்க கத்துறப்ப நான் எவ்ளோ உலுக்குனாலும் எந்திரிக்க மாட்டீங்க. அது கொலைச்சாத்தான் எந்திரிப்பீங்க."

"டிரஸ்ஸருக்கு இது தெரியுமா?"

"அவரு குடுத்ததே உங்களுக்குத்தான்."

எனக்கு அழுகை வந்தது. வீராசாமியைப் புதைத்த அன்றைக்கு வராத அழுகை. கியர் தள்ளாடி எழுந்து வந்து என் கையை நக்கியது.

சாயங்காலம் புதுப் போத்தல் வந்தது. கஞ்சியும் வந்தது. உப்புக் கரித்தது. ஒரு வார்த்தை பேசாமல் அடிவரைக்கும் குடித்துக் குவளையை நீட்டினேன். முத்தாயி வாங்கிக்கொண்டு என் தலையைத் தடவினாள்.

"நல்ல புள்ள."