நேசமணி பெயரை நீக்கக் கோரி

சங்கரன்கோவில்,
திங்கட்கிழமை.

இயன்முறை மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் சொல்லும் ஷீலா அம்மா அவர்களுக்கு, பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ஓய்வுபெற்ற சுந்தரராஜ் தோத்திரம் சொல்லி எழுதுவது. தாங்களும் வீட்டாரும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். இங்கே சுகம் விசாரிக்க நான் ஒருவன்தான் மிச்சம்.

வியாழக்கிழமைதோறும் பிள்ளைகள் பழகுவதற்குத் தாங்கள் அனுப்புகிற வீடுகளின் பட்டியலில் என் மனைவி நேசமணி பெயர் இருக்கிறது. பக்கவாதத்தில் அவளுக்கு இடது காலும் கையும் விழுந்துபோயின. முதலில் வந்தவர் தம்பி ரிஸ்வான். மரியாதையான பையன். சுவரைப் பார்த்து ஒரே மூச்சில் ஒப்பித்தார். 'அஃபெக்டட் லிம்ப்' என்றார் (விழுந்துபோன காலைத்தான் அப்படிச் சொல்வார்களாம், பிறகுதான் தெரிந்தது), இன்னும் என்னென்னவோ சொன்னார், விளங்கியதா என்று கேட்டார். நேசமணி தலையாட்டினாள். அவள் ஆட்டியதால் நானும் ஆட்டினேன். அவர் கொடுத்த தாளில் ஒரு ஆள் வலது காலைத் தூக்கிக்கொண்டிருந்தான். முப்பத்தோரு வருஷம் அட்டவணைப்படி பஸ்ஸை அனுப்பினவன் தாளில் உள்ளதை மாற்றுவேனா? பிள்ளைகளுக்குப் பரீட்சை என்று நடுவில் யாரும் வரவில்லை. வேளைக்குப் பத்து, நாளைக்கு மூன்று வேளை, இருபத்தொரு நாள் அவளுடைய நல்ல காலுக்கே பயிற்சி கொடுத்தேன். அந்தக் கால் பந்தாட்டத்துக்கே போகலாம் என்கிற நிலைக்கு வந்தது. இடது கால் போட்டது போட்டபடி கிடந்தது.

அடுத்து வந்த அப்ரீன் பானு என்கிற பிள்ளை கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "இதுவரைக்கும் செஞ்சத எனக்குச் செஞ்சு காட்டுங்க ஐயா" என்றது. காட்டினேன். அது சிரிக்கவில்லை. நேசமணியிடம், "உங்களுக்குமா தெரியலம்மா?" என்று கேட்டது.

"சந்தேகந்தான் மக்கா. அந்தத் தம்பி வேர்த்து ஊத்தி நிக்கான். விளங்கலன்னா வாடிப்போவாம்லா. பொறவு இவரு பாடுபட்டுச் செய்தாரு, இவருட்ட எப்படிச் சொல்ல?"

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

"நடக்க வந்தா மொதல்ல என்னம்மா செய்யணும்?" என்று அப்ரீன் கேட்டது.

"நானா நின்னு ஒரு டீ போடணும். இவரு போடுதது கழனித்தண்ணியால்லா இருக்கு."

அந்தப் பிள்ளை அடுப்படி மேடையைப் பிடித்து நிற்கவே அவளைப் பழக்கியது. எனக்கும் சொல்லித் தந்து, "இப்ப நீங்க எனக்குச் சொல்லிக் குடுங்க" என்றது. இரண்டு தரம் தப்பாகச் சொன்னேன், மூன்றாம் தரம் சரியாக வந்தது. போன மாதம் ஒரு காலையில் நேசமணி நின்று டீ போட்டாள். பாதி கொட்டிவிட்டது. மீதியை இரண்டு பேரும் குடித்தோம்.

அதற்கு ஒன்பதாம் நாள் பக்கவாதம் மறுபடி தாக்கியது. பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் கர்த்தர் எடுத்துக்கொண்டார். அடக்கத்துக்கு வந்த ரிஸ்வான், "நான் தப்பா சொல்லிக் குடுத்ததாலதான் ஐயா" என்று அழுதார். அதனால் இல்லை, டாக்டரே சொன்னார் என்றேன். தலையாட்டினார். விளங்கியதா, தெரியவில்லை.

ஆகையால் அவள் பெயரை நீக்கிவிடுங்கள். இனி இந்த வீட்டுக்கு யாரையும் அனுப்ப வேண்டாம். வியாழக்கிழமை கேட் சத்தம் கேட்டால் தாங்க முடியவில்லை. தங்கள் பிள்ளைகளுக்கு நிறைய நோயாளிகளும், அந்த நோயாளிகளுக்குச் சீக்கிர சுகமும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
சுந்தரராஜ்.

பி.கு.: ஒட்டின உறையைப் பிரித்து எழுதுகிறேன். பெயரை மாற்றி எழுதிக்கொண்டால் போதும்: சுந்தரராஜ், வயது எழுபத்திரண்டு, இரண்டு முழங்காலிலும் வலி. இந்த வியாழக்கிழமையே ரிஸ்வானை அனுப்புங்கள். விளங்காவிட்டால் விளங்கவில்லை என்றே சொல்வேன். எத்தனை தரம் வேண்டுமானாலும் சொல்லிப் பழகட்டும். எனக்கு வேறு வேலை இல்லை.