செட்டிபாளையத்துச் சர்வதேச உதைபந்தாட்டம்

தமிழில் நான் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். ஆங்கிலத்தில் சொன்னது ஒன்றே ஒன்றுதான், அதுவும் ஒரே சொல்லில்: ‘யெஸ்’.

சுனாமிக்கு அடுத்த வருடம் அது. மட்டக்களப்பு நகரில் ஒரு நிவாரணக் கந்தோரில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவார்கள். மேலதிகாரி இங்கிரிட், நோர்வேக்காரி, ஆறடி உயரம். அவர் என்ன கேட்டாலும் தலையாட்டினால் வேலை நிலைக்கும் என்பது என் கொள்கை. (அவர் பேசியதில் பாதி எனக்கு விளங்காது என்பது வேறு விடயம்.) ஒரு நாள், உங்கள் ஊர்ப் பெண்கள் உதைபந்து ஆடுவார்களா என்று கேட்டார். நான் பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து அணியில் கோல் எறிபவள். இரண்டிலும் பந்து இருக்கிறதுதானே? ‘யெஸ்’ என்றேன்.

இரண்டு கிழமையில் அந்த ‘யெஸ்’ வளர்ந்து சர்வதேசப் பெண்கள் உதைபந்தாட்டப் போட்டியாகிவிட்டது. நிவாரண வேலைக்கு வந்திருந்த வெள்ளைக்காரப் பெண்கள் ஓர் அணி. வீடு கட்ட உதவிக்கு வந்திருந்த இந்தியக் கல்லூரி மாணவிகள் ஓர் அணி. போட்டியை நடத்துவது எங்கள் ஊரான செட்டிபாளையத்து மகளிர் அணி. அப்படி ஓர் அணி உலகத்திலேயே இல்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

கந்தோரில் என் பக்கத்து மேசை ஜெனிட்டா. போர்த்துக்கேய வழிவந்த நகரத்துப் பறங்கிக் குடும்பம், நாலு அண்ணன்மாரோடு பந்து உதைத்து வளர்ந்தவள். அவளிடம் மட்டும் அழுதேன்.

“உண்மையச் சொல்லிரு மாலா.”

“வேல போயிரும்டி.”

“அப்ப அணிக்கு ஏழு பேர்தானே, சேரு. நான் ஒராள் வாறன்.”

வலைப்பந்துக்கும் ஏழு பேர்தான். பழைய கூட்டத்தைத் தேடி வீடு வீடாகப் போனேன். பெண்கள் சம்மதித்தார்கள், தாய்மார் மறுத்தார்கள். மைதானம் கடல் பக்கம். அலை வந்த நாளில் இருந்து எந்த வீட்டிலும் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடுவதில்லை. “கடல் பக்கம் ஒருத்தரும் போகப்படா” என்று என் அம்மா ஒரே சொல்லாய்ச் சொல்லிவிட்டா. கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார்கள்: தாங்களும் கூடவே வருவார்களாம். ஒவ்வொரு பயிற்சிக்கும் தாய்மார் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். எங்களை யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

போட்டியின் முதல் நாள் இந்திய மாணவிகளிடம் எட்டுக் கோல் வாங்கினோம். பந்து நெஞ்சுக்கு நேரே வந்தால் என் இரண்டு கையும் தாமாக எழுந்து பிடித்துவிடும். முதல் மூன்று முறை மத்தியஸ்தர் விசில் ஊதினார். நாலாம் முறை ஊதவே இல்லை, பாவமாகப் பார்த்தார். ஜெனிட்டா என்னை இழுத்துக்கொண்டு போய்க் கோல் காக்க விட்டாள். கையால் பந்தைப் பிடிக்க அனுமதி உள்ள ஒரே இடம் அதுதான்.

வெள்ளைக்காரப் பெண்களும் மாணவிகளிடம் தோற்றிருந்தார்கள். ஆகவே இரண்டாம் இடத்துக்கு மறுநாள் அவர்களும் நாங்களும். அவர்களின் தலைவி யார் என்று நினைக்கிறீர்கள்? இங்கிரிட்தான். களுதாவளை, குருக்கள்மடம் என்று பக்கத்து ஊர்களில் இருந்தெல்லாம் சைக்கிளில் வந்து குவிந்துவிட்டார்கள். அந்த ஒரு வருடமாக எங்கள் ஊர் கூடியது செத்த வீட்டுக்கும் நிவாரண வரிசைக்கும் மட்டும்தான்.

இடைவேளைவரை கோல் இல்லை. (நாங்கள் ஏழு பேரும் கோலுக்கு முன்னாலேயே நின்றால் பந்து எப்படி உள்ளே போகும்?) அதற்குப் பிறகு இங்கிரிட் தனியாகப் பந்தோடு புறப்பட்டார். என் உத்தியோகமே ஆறடி உயரத்தில் என்னை நோக்கி ஓடி வந்தது. ஓங்கி உதைத்தார். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினேன். திறந்து பார்த்தால் பந்து என் கையில்.

மைதானம் ஆர்ப்பரித்தது. அங்கேதான் என் மூளை நின்றுபோனது. கையில் பந்து, பக்கத்தில் கோல். பள்ளிக்கூடத்தில் ஐந்து வருடம் பழகிய உடம்புக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? திரும்பினேன், முழங்காலை மடித்தேன், நுனிக்காலில் எழுந்து இரண்டு கையாலும் எறிந்தேன். பந்து அழகாக எங்கள் வலைக்குள் விழுந்தது. நான் இரண்டு கைகளையும் உயர்த்தித் துள்ளினேன்.

ஒருவரும் கை தட்டவில்லை. இங்கிரிட் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். தாய்மாரின் வரிசையில் இருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. அம்மா. ஒரு வருடத்துக்குப் பிறகு அம்மா சிரிக்கிறா, அதுவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு. அவவைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள், பிறகு மைதானமே சிரித்தது. நான் முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினேன், வெட்கத்தாலா வேறெதனாலா என்று தெரியவில்லை.

ஜெனிட்டா வந்து என் தோளைப் பிடித்தாள். “மறுகா அழுவம். இனிப் பந்து கைக்கு வந்தா எனக்கு எறி. எனக்கு, விளங்கிச்சா?”

விளங்கியது. அடுத்த பந்தைப் பிடித்ததும் வலைப்பந்து எறிதலில் ஒன்றைத் தோளுக்கு மேலால் வீசினேன். அது பாதி மைதானத்தைத் தாண்டிப் போய், முன்னால் ஓடியிருந்த ஜெனிட்டாவின் காலடியில் விழுந்தது. வெள்ளைக்காரப் பெண்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் கோல். ஐந்து நிமிடம் கழித்து அதே மாதிரி இன்னொன்று. இரண்டுக்கு ஒன்று, வெற்றி!

விசில் ஊதியதும் தாய்மார் மைதானத்துக்குள் ஓடி வந்துவிட்டார்கள். எல்லாருக்கும் முன்னால் அம்மா. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பொழுதுபடும்வரை கதைத்துக்கொண்டு நின்றார்கள்.

திங்கட்கிழமை இங்கிரிட்டிடம் போய் எல்லா உண்மையையும் சொன்னேன். நாங்கள் உதைத்த முதல் உதையிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டதாம். ‘எங்கள் அணிக்கு ஒரே ஒரு கோல் போட்டுத் தந்தவள் நீதான், உன்னை எப்படி வேலையை விட்டு நிறுத்துவது?’ என்று கேட்டார். அந்த மாதமே என்னை நிரந்தரமாக்கினார்.

பிறகு சண்டை மறுபடி மூண்டது, இங்கிரிட் நாடு திரும்பினார். யுத்தம் முடிந்த பிறகு நோர்வேயில் இருந்து ஒரு தபால் வந்தது. உள்ளே ஒரு புகைப்படம்: வலைக்குள் பந்து, அதற்கு முன்னால் இரண்டு கைகளையும் உயர்த்தி, பல்லெல்லாம் தெரிய நான். சட்டம் போட்டு வாசலுக்கு நேரே மாட்டியிருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள், நீங்கள் கோல் போட்ட படமா என்று வியப்பார்கள். நானும் அடக்கத்தோடு தலையைக் குனிந்துகொள்வேன். என் கணவர் தேநீர்த் தட்டோடு குசினிக்குள் இருந்து வருவார்.

“ஓம், அவதான் போட்டவ. எந்தப் பக்கம் எண்டு மட்டும் கேட்டிராதீங்க.”