மத்ரோனா கரடி பார்க்க வந்தது

கோடியாக் தீவு
அக்டோபர் 20

அன்புள்ள அக்கா ஃபெதோசியாவுக்கு,

தம்பி இன்னொகெந்தியின் வணக்கம். இங்கே நானும் நாயும் நலம். அத்தானின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

மூன்று வாரமாக எழுதாததற்குக் காரணம் கோபம். பக்கத்து ஊர்த் தபால் அலுவலகத்தில் இருபத்தாறு வருஷம் முத்திரை குத்தி ஓய்வுபெற்ற மத்ரோனாவுக்கு என் படகில் கரடி பார்க்கச் சீட்டு வாங்கிக் கொடுத்தாயே, எதற்கென்று எனக்குப் புரியாதா? மழை என்று மற்ற நால்வரும் வராமல்போக, அவளும் நானும்தான். வந்தவள் மாவுக்குள் சால்மன் மீனும் சோறும் வைத்துச் சுட்ட பெரோக்கை, ஒரு தட்டு நிறைய, மடியில் வைத்திருந்தாள். கரடி இருக்கும் இடத்துக்கு யாராவது மீன் பண்டம் கொண்டுபோவார்களா? "நீங்க சரியாச் சாப்பிடறதில்லைன்னு உங்கக்கா சொன்னாங்க" என்றாள். வாங்கிப் படகின் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். அந்தப் பதற்றத்தில் நங்கூரத்தைத் தப்பான இடத்தில் போட்டேன். ஓடையைத் தாண்டும்போது, "பார்த்து வாங்க, வழுக்கும்" என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டே நான் விழுந்தேன். இரண்டு பூட்ஸிலும் தண்ணீர். எழுந்து நிமிர்ந்தால், முப்பதடியில் தாய்க்கரடி, இரண்டு குட்டிகளோடு!

"ஓடாதீங்க. மெதுவாப் பேசுங்க" என்றேன். அவளோ கரடியைப் பார்த்து, "நீ பாட்டுக்கு மீனைப் பிடிம்மா, பிள்ளைங்க பசியோட நிக்குது. நாங்க இதோ போயிடறோம்" என்றாள். கரடி எங்களை முகர்ந்துவிட்டுக் குட்டிகளோடு புல்லுக்குள் போய்விட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "கரடி போயிடுச்சு, கையை விடலாமே" என்றாள். அவள் கையை நான் பிடித்திருந்ததே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

திரும்பினால் கடல் வடிந்து படகு சேற்றில் கிடக்கிறது. முப்பது வருஷ வழிகாட்டி நான்! தண்ணீர் ஏறும்வரை ஐந்து மணி நேரம் படகில் உட்கார்ந்து அந்தப் பெரோக் முழுவதையும் தின்று தீர்த்தோம். "அனீசியா எப்படி இருப்பாங்க?" என்று கேட்டாள். என் மனைவி இறந்துபோய் மூன்று வருஷமாக யாரும் என்னிடம் அவள் பெயரைச் சொல்வதில்லை அக்கா, நீகூட. எனக்கு நோகும் என்று பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். நான் அவள் சிரிப்பதையும், வலை பின்னும்போது என்னைத் திட்டுவதையும் சொன்னேன். அழுதுவிட்டேன். மத்ரோனா என் நனைந்த காலுறையைப் பிழிந்து இன்ஜின் மேல் காயப்போட்டாள்.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். அறுபத்தொரு வயதில் எனக்கு யாரும் துணை தேட வேண்டாம். இந்தப் பேச்சை இத்தோடு விட்டுவிடு. கடவுள் உங்கள் வீட்டைக் காக்கட்டும், குழந்தைகளுக்கு என் முத்தங்கள்.

உன் தம்பி,
இன்னொகெந்தி

பின்குறிப்பு: வருகிற சனிக்கிழமை மத்ரோனா மறுபடி கரடி பார்க்க வருகிறாள். "ஆத்துல மீன் முடிஞ்சுபோச்சு, கரடியெல்லாம் மலையேறிடுச்சு, ஒண்ணுகூடக் கண்ணுல படாதுங்க" என்று போனில் தெளிவாகச் சொன்னேன். "தெரியுமே. எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்றாள்.